இடங்கொடுத்து எதிர்க்கும் தற்காப்பு

சதுரங்கம் என்னுஞ் சொல் நான்கு உறுப்புக்களையுடையது எனப் பொருள்படும். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையின்மேல் நிறுத்தி, இருவர் தம் அறிவினாற் பொரும் இவ்விளையாட்டுப் பாரத நாட்டிலே தோன்றிப் பாரசீகத்தின் வழியாகவும் அரபு நாடுகளின் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்ததென்பது வரலாற்றாசிரியர் பலர்க்கும் ஒப்ப முடிந்தது. சோழ நாட்டுத் திருப்பூவனூரிலே இறைவன் சதுரங்க வல்லபநாதர் என்னுந் திருநாமத்தோடு எழுந்தருளியிருத்தலும், அரசிளங்குமரி ஒருத்தியோடு சதுரங்கமாடி வென்று அவளை மணந்தாரெனத் தலவரலாறு கூறுதலும் சைவ நன்மக்கள் அறிந்தனவே. இத்துணைப் பழமையுடைய கலையினை முழுவதும் ஆராய ஈண்டுப் புகுந்தேமல்லேம். அதன் தொடக்க முறைகளுள் ஒன்றனை மட்டும் எடுத்து, அதன் இயல்பு யாது, அதனை ஆடுவோன் எதனால் வெல்கிறான், எதனால் வீழ்கிறான் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வித்தாக அமைந்தது ஒரு மாணவனின் வினா. சில ஆண்டுகளுக்கு முன் நுவரெலியா மாவட்டத்தில் நிகழ்ந்த இளையோர் போட்டியொன்றிலே, அட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் கறுப்புக் காய்களோடு ஆடினான். தமையனின் கைத்தொலைபேசியிற் பார்த்துப் பயின்ற ஒரு தற்காப்பை அன்று கையாண்டான். இருபத்திரண்டாம் நகர்விலே தோல்வியை ஒப்புக்கொண்டான். பின்னர் என்னிடம் வந்து, “சேர், இதற்குத் தற்காப்பு என்று பெயர். ஆனால் நடுப்பலகை முழுவதையும் எதிரிக்கே கொடுத்துவிட்டதே! இது பிழையான தொடக்கமா, அல்லது நான் பிழையாக ஆடினேனா?” என வினவினான். “இவையெல்லாம் பெரிய ஆட்டக்காரர்க்கு உரியவை; நீ அச்சமில்லாத தொடக்கம் ஒன்றைப் பயில்வாயாக” என்று கூறி அனுப்பினேன். அவன் தலையசைத்துச் சென்றான். அவ்விடை அவன் வினாவுக்கு விடையன்று என்பதை அன்றிரவே உணர்ந்தேன். தக்க பயிற்றுநர் இல்லாத தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு, “இது உனக்கு உரியதன்று” என்று சொல்வோர் எங்கும் உளர். அவர்களுள் ஆசிரியனும் ஒருவனாதல் தகாது. அன்று கூறத் தவறிய விடையினையே ஈண்டுக் கூற முயல்கின்றேன்.

பலகையும் குறியீடும்

ஆட்டங்களைத் தொடர்ந்து நோக்குதற்குச் சில குறியீடுகள் இன்றியமையாதன. பலகையின் எட்டு நெடுநிரைகளை, வெள்ளையின் இடப்புறத்திலிருந்து முறையே ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்னும் எழுத்துக்களாற் குறிப்பர். எட்டுக் குறுக்குநிரைகளை, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையுள்ள எண்களாற் குறிப்பர். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயர் உண்டு. டி4, ஈ4, டி5, ஈ5 என்னும் நான்கும் நடுக்கட்டங்கள். காய்களை அரசன், அரசி, யானை, அமைச்சர், குதிரை, காலாள் என வழங்குவாம். மூலையில் நின்று நேராகச் செல்வது யானை. மூலைவிட்டமாகச் செல்வது அமைச்சர். அரசனையும் யானையையும் ஒரே நகர்விற் பெயர்த்து அரசனைக் காவலுள் வைத்தல் கோட்டை கட்டுதல் எனப்படும். அரசனை நேரே தாக்குதல் முற்றுகை. தப்ப வழியின்றித் தாக்குதல் இறுதி முற்றுகை. காயின் பெயரின்றிக் கட்டத்தை மட்டும் கூறின் அது காலாளின் நகர்வென்க. × என்னும் குறி எதிரியின் காயை வெட்டுதலையும், + என்னும் குறி முற்றுகையையும் உணர்த்தும்.

தற்காப்பின் இயல்பு

அம்மாணவன் ஆடியது குரூன்பெல்ட் தற்காப்பு எனப்படும். அதன் முதல் மூன்று நகர்வுகள் வருமாறு: 1. டி4 – குதிரை எஃப்6, 2. சி4 – ஜி6, 3. குதிரை சி3 – டி5.

மூன்றாம் நகர்விலே கறுப்பு தன் டி காலாளை நடுவில் நிறுத்துகின்றது. ஆயினும் அதனை அங்கே நிலைநிறுத்துதல் கறுப்பின் கருத்தன்று. வெள்ளை அதனை வெட்டக் கறுப்பின் குதிரை திரும்ப வெட்டும். வெள்ளை ஈ4 என முன்னேற, அக்குதிரை சி3 கட்டத்திலுள்ள குதிரையை வெட்டித் தானும் மாயும். இப்போது பலகையை நோக்குவோர்க்கு வெள்ளையின் நிலை பெருமிதமுடையதாகத் தோன்றும். சி3, டி4, ஈ4 ஆகிய மூன்று கட்டங்களிலும் வெள்ளைக் காலாட்கள் நிற்க, நடுவிலே கறுப்புக் காலாள் ஒன்றேனும் இல்லை. தற்காப்பு என்று கூறிவிட்டு வாயிலைத் திறந்து விட்டதுபோன்ற தோற்றம் இது.

மலையகத்தோர்க்கு இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுதல் வழக்கம். வெட்டிய மலையைக் காணும் வெளியூரார், பச்சை முழுதும் போயிற்றே என இரங்குவர். சில மாதங்கள் அம்மலையிற் கொழுந்து இல்லை. ஆயின் வெட்டியவன் செடியை இழந்தானல்லன்; அதன் வலிமையை வேருக்கும் தண்டுக்கும் திருப்பினான். பின்னர்த் துளிர்க்குங் கொழுந்தே அவன் கருதியது. அவ்வாறே குரூன்பெல்ட் ஆடுவோனும் நடுப்பலகையை விட்டுக் கொடுத்து, அதற்கு ஈடாக மூன்று பயன்களைப் பெறுகின்றான்.

முதலாவது, ஜி7 கட்டத்தில் அமரும் அமைச்சரின் பார்வை. சிவனொளிபாதமலையின் உச்சியில் நிற்பவன் பள்ளத்தாக்கு முழுவதையும் நோக்குமாறுபோல, அவ்வமைச்சர் பலகையின் நெடிய மூலைவிட்டத்தினூடே டி4 கட்டத்தையும் அதற்கு அப்பாலும் நோக்குகிறார். இரண்டாவது, கறுப்பின் டி காலாள் நீங்கியமையால் திறந்த வழி. அவ்வழியே அரசியும் டி4 ஐ நோக்குகின்றாள். மூன்றாவது, வெள்ளையின் காலாட்கள் முன்னேறியமையால் அவற்றையே இலக்காகக் கொள்ளும் வாய்ப்பு. சி5 எனக் காலாளை முன்தள்ளி, சி6 இற் குதிரையை நிறுத்தி, ஜி4 இல் மற்றை அமைச்சரை நிறுத்தி, வெள்ளைக் காவற்குதிரையைக் கட்டிப்போட்டால், டி4 என்னும் ஒரே காலாளின்மேற் கறுப்பின் படை முழுவதும் பாய்கின்றது. பெருமிதமாகத் தோன்றிய நடுவே சுமையாகின்றது.

இதனால் ஒன்று வெளிப்படை. இத்தற்காப்பில் இடங்கொடுத்தல் ஒரு பாதியே; காலமறிந்து எதிர்த்தல் மற்றைப் பாதி. முதற்பாதியை நூல் பார்த்து மனனஞ் செய்யலாம். மற்றைப் பாதியை ஆடுவோன் ஒவ்வொரு முறையும் தானே கணித்தல் வேண்டும். கவ்வாத்துக்கும் பருவமுண்டு, பருவந் தப்பி வெட்டினாற் செடி பட்டுப்போம்.

கல்கத்தா, 1855

இத்தற்காப்பு ஆஸ்திரிய நாட்டு ஆட்டக்காரராகிய ஏர்ன்ஸ்ட் குரூன்பெல்டின் பெயரால் வழங்குகின்றது. அவர் 1922 இல் இதனைப் பன்னாட்டுப் போட்டிகளிற் புகுத்தினார். அவ்வாண்டு வியன்னாவிலே, 1927 இல் உலக வீரரான அலெக்சாந்தர் அலேகினை இதனாலேயே வென்றார். ஆயினும் அவர்க்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, இதே மூன்று நகர்வுகளை வங்காளத்து அந்தணர் ஒருவர் ஆடியுள்ளார் என்பதைப் பலர் அறியார்.

அவர் பெயர் மகேசசந்திர பானர்ஜி. கல்கத்தாவுக்கு வெளியே நாட்டுப்புறத்திலே, இந்திய முறைச் சதுரங்கத்தில் வல்லவரெனப் பெயர் பெற்றவர். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் அக்காலத்துத் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவருமாகிய ஜோன் கொக்ரேன் கல்கத்தாவில் வாழ்ந்த காலத்தில், இவரோடு பல ஆண்டுகள், நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். இந்திய முறையிலே காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் இரு கட்டம் செல்லலாம். ஆதலாற்போலும், நடுவை உடனே கைப்பற்றாது ஜி6 எனத் தொடங்கி அமைச்சரை ஓரத்திலிருந்து செலுத்துதல் இந்திய ஆட்டக்காரர்க்கு இயல்பாயிற்று. பிற்காலத்தில் இவ்வகைத் தொடக்கங்கள் ‘இந்தியத் தற்காப்புகள்’ எனப் பெயர் பெற்றமைக்கு இதுவே காரணம் என்பர். இவ்விருவரும் ஆடிய ஆட்டங்கள் எழுதிவைக்கப்பட்டமையாலன்றோ இவற்றை இன்று நாம் அறிகின்றோம்! எழுதாதிருப்பின், வங்காளத்துச் சிற்றூரொன்றின் அறிவு அவ்வூரோடே மறைந்திருக்கும்.

1855 மே மாதத்தில் நிகழ்ந்த ஆட்டம் இது. கொக்ரேன் வெள்ளை, மகேசசந்திரர் கறுப்பு.

1. டி4 – குதிரை எஃப்6, 2. சி4 – ஜி6, 3. குதிரை சி3 – டி5, 4. ஈ3 – அமைச்சர் ஜி7, 5. குதிரை எஃப்3 – கோட்டை, 6. சி×டி5 – குதிரை×டி5, 7. அமைச்சர் ஈ2 – குதிரை×சி3, 8. பி×சி3 – சி5, 9. கோட்டை – சி×டி4, 10. சி×டி4 – குதிரை சி6, 11. அமைச்சர் பி2 – அமைச்சர் ஜி4, 12. யானை சி1 – யானை சி8, 13. அமைச்சர் ஏ3 – அரசி ஏ5, 14. அரசி பி3 – யானை எஃப்பிலிருந்து ஈ8.

இதுவரை மகேசசந்திரரின் ஆட்டத்தை நோக்குவோர் வியவாதிரார். எட்டாம் நகர்விலேயே சி5 என எதிர்த்தார். குதிரையை சி6 இலும் அமைச்சரை ஜி4 இலும் நிறுத்தினார். இக்காலத்து ஆசிரியன் மாணவனுக்குக் கற்பிக்கும் திட்டம் இதுவே. ஆனால் பதினான்காம் நகர்வில் ஒரு சிறு கதவு திறந்தது. எஃப்8 இல் நின்ற யானை அரசனோடு சேர்ந்து எஃப்7 காலாளைக் காத்து நின்றது. அது நீங்கியபின் அக்காலாளுக்கு அரசன் ஒருவனே காவல். பி3 இலிருந்த வெள்ளை அரசியோ அதே மூலைவிட்டத்தை நோக்கி நின்றாள்.

15. யானை சி5 – அரசி பி6, 16. யானை பி5 – அரசி டி8; 17. குதிரை ஜி5 – அமைச்சர்×ஈ2, 18. குதிரை×எஃப்7 – குதிரை ஏ5.

யானையால் இருமுறை துரத்தப்பட்ட கறுப்பரசி தன் வீட்டுக்கே மீண்டாள். அதற்குள் வெள்ளைக் குதிரை எஃப்7 இற் புகுந்தது. அரசியைத் தாக்கி மாற்றுத் தேட முயன்றார் கறுப்பர்; காலங் கடந்தது. 19. குதிரை எச்6+, இது குதிரையும் அரசியும் ஒருங்கே தாக்கும் இரட்டை முற்றுகை. அரசன் எச்8 மூலைக்கு ஒதுங்கினான். 20. அரசி ஜி8+, அரசியையே பலியாகக் கொடுக்கிறார். யானை அவளை வெட்டியே தீரவேண்டும். 21. குதிரை எஃப்7, இறுதி முற்றுகை. கறுப்பரசன் தன் யானையாலும் அமைச்சராலும் காலாளாலும் அடைபட்டுத் தப்பும் வழியின்றி வீழ்ந்தான்.

இத்தோல்வி தற்காப்பின் தோல்வியன்று. இடங்கொடுத்தலும் செம்மை, எதிர்த்தலும் செம்மை. எதிரியின் நடுவை நோக்கிய கண் தன் வாயிலை ஒருகணம் மறந்தது, அவ்வளவே. வெள்ளை ஒன்பதாம் நகர்விலேயே கோட்டை கட்டித் தன் அரசனைக் காத்துக்கொண்டதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அடுத்த ஆட்டத்தில் இதன் மறுதலையைக் காண்போம்.

நியூ யோர்க், 1956

கல்கத்தா ஆட்டத்துக்கு நூற்றோராண்டு கழித்து, 1956 அக்டோபர் 17 ஆந் திகதி, நியூ யோர்க் நகரிலே இதே தற்காப்பைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஆடினான். அவன் பொபி பிஷர். அவ்வாண்டு ஜூலையிலே ஐக்கிய அமெரிக்க இளையோர் போட்டியில் முதலிடம் பெற்றதனால், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் பன்னிருவர் ஆடிய ரோசன்வால்ட் நினைவுப் போட்டிக்கு அழைக்கப்பட்டான். எதிரே அமர்ந்தவர் டொனால்ட் பேர்ண், இருபத்தாறு வயதினர், 1953 இல் அமெரிக்கத் திறந்த போட்டியில் வென்றவர்.

1. குதிரை எஃப்3 – குதிரை எஃப்6, 2. சி4 – ஜி6, 3. குதிரை சி3 – அமைச்சர் ஜி7, 4. டி4 – கோட்டை, 5. அமைச்சர் எஃப்4 – டி5, 6. அரசி பி3 – டி×சி4, 7. அரசி×சி4 – சி6, 8. ஈ4 – குதிரை பியிலிருந்து டி7, 9. யானை டி1 – குதிரை பி6, 10. அரசி சி5 – அமைச்சர் ஜி4, 11. அமைச்சர் ஜி5.

நகர்வு வரிசை சிறிது வேறுபடினும் கருத்து ஒன்றே. டி4 இலும் ஈ4 இலும் வெள்ளைக் காலாட்கள் நிமிர்ந்து நிற்க, கறுப்பு நடுவை விட்டு ஓரத்தில் நின்று நோக்குகின்றது. ஆனால் வெள்ளையின் குறையைக் காண்மின். பதினொரு நகர்வாகியும் பேர்ண் கோட்டை கட்டவில்லை; முன்னரே வெளிவந்த அமைச்சரை இரண்டாம் முறையும் நகர்த்தினார். அவர் அரசன் ஈ1 இலேயே நின்றான். ஈ நெடுநிரை திறக்குமாயின் அவனுக்குக் காவலில்லை.

அதனைத் திறக்கும் வழியைச் சிறுவன் கண்டான். 11... குதிரை ஏ4. காவலற்றது போன்ற கட்டத்திலே குதிரையை வைத்தான். அதனை வெள்ளைக் குதிரை வெட்டினால், கறுப்பின் மற்றைக் குதிரை ஈ4 காலாளை வெட்டி அரசியையும் அமைச்சரையும் ஒருங்கே தாக்கும். இதனை உணர்ந்த பேர்ண் வெட்டாது விலகினார். 12. அரசி ஏ3 – குதிரை×சி3, 13. பி×சி3 – குதிரை×ஈ4, 14. அமைச்சர்×ஈ7 – அரசி பி6; 15. அமைச்சர் சி4 – குதிரை×சி3, 16. அமைச்சர் சி5 – யானை எஃப்பிலிருந்து ஈ8+, 17. அரசன் எஃப்1.

ஈ நிரை திறந்தது, அரசன் பெயர்ந்தான், இனிக் கோட்டை கட்டுதல் இயலாது. இப்போது கறுப்பரசி வெள்ளை அமைச்சரின் தாக்குதலில் நிற்கின்றாள். எவரும் அவளைக் காக்கவே முயல்வர். சிறுவன் ஆடியது 17... அமைச்சர் ஈ6. அரசியை வெட்டுக என விட்டுவிட்டான்.

அவளை வெட்டாது ஈ6 அமைச்சரை வெட்டினால் விளைவது யாது? அரசி பி5 இல் முற்றுகை இடுவாள், அரசன் ஜி1 செல்வான், குதிரை ஈ2 இல் முற்றுகை, அரசன் எஃப்1, குதிரை ஜி3 இல் இரட்டை முற்றுகை, அரசன் ஜி1, அரசி எஃப்1 இல் தன்னைப் பலியிடுவாள், யானை வெட்டும், குதிரை ஈ2 இல் இறுதி முற்றுகை. கல்கத்தாவிலே கொக்ரேனின் குதிரை செய்த அதே வினை! அங்கே தற்காத்தவனை வீழ்த்திய அடைபட்ட முற்றுகை, இங்கே தற்காத்தவனின் கையில் ஆயுதமாயிற்று. பேர்ண் அதனைக் கண்டு விலகி, அரசியையே வெட்டினார். 18. அமைச்சர்×பி6 – அமைச்சர்×சி4+. பின்னர்க் கறுப்பின் குதிரையும் அமைச்சரும் மாறி மாறி முற்றுகையிட்டு அரசனை அலைக்கழித்தன. அரசி ஒருத்திக்கு ஈடாக யானை ஒன்றும் அமைச்சர் இருவரும் காலாள் ஒன்றும் கறுப்புக்குக் கிடைத்தன. வெள்ளையின் எச்1 யானையோ, அரசன் வழியடைத்து நின்றமையால், இருபத்தெட்டாம் நகர்வு வரை அசையவேயில்லை. அசைந்த உடனே வெட்டுண்டது. நாற்பத்தோராம் நகர்விலே இறுதி முற்றுகை நிகழ்ந்தது. ஹான்ஸ் கிமோக் என்னும் அறிஞர் இதனை ‘நூற்றாண்டின் ஆட்டம்’ எனப் பெயரிட்டழைத்தார்.

இப்போட்டித் தொடரிலே அச்சிறுவன் முன்னணியில் இருந்தானல்லன். வென்ற ஆட்டங்களினும் வெல்லாதன பலவாயின. ஒரு தொடரின் இடவரிசை வேறு. ஓர் ஆட்டத்தின் அறிவு வேறு. இதனை நம் மாணவரும் பெற்றோரும் உணர்தல் நன்று.

சோபியா, 2010

மூன்றாவது எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் அணித்தானது. சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் 1987 இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பகியோ நகரிலே உலக இளையோர் வெற்றிவீரராகி, 1988 இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆயினார். 2010 ஏப்பிரலில், உலக வீரர் என்னும் பட்டத்தைக் காக்கும் பொருட்டு, பல்கேரியத் தலைநகராகிய சோபியாவிலே வெசலின் டொபலோவை எதிர்கொண்டார். ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் வானூர்திகள் நின்றமையின், ஜேர்மனியிலிருந்து தரைவழியே நெடும்பயணஞ் செய்து அங்குச் சேர்ந்தார்.

முதலாட்டத்திற் கறுப்பாடிய ஆனந்த் தெரிந்தெடுத்தது குரூன்பெல்ட் தற்காப்பு. அவர் ஆடிய வழி முன்னரே வீட்டிலிருந்து ஆராய்ந்து வைத்தது. ஆயினும் இருபத்துமூன்றாம் நகர்விலே, ஆயத்தஞ் செய்த நகர்வுகளின் வரிசை நினைவிற் பிறழ, அரசனை எஃப்7 கட்டத்துக்கு நகர்த்தினார். டொபலோவ் உடனே தம் குதிரையை எஃப்6 இற் பலியிட்டார். முப்பதாம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. உலக வீரரும் மனனத்தை நம்பி ஓரடி பிறழ்ந்தால் அடுத்த கணமே வீழ்வர் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. மறுநாள் இரண்டாம் ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். பத்தாம் ஆட்டத்திலே மீண்டும் அதே தற்காப்பை ஆடிச் சமநிலை பெற்றார். பன்னிரண்டாம் ஆட்டத்திற் கறுப்புக் காய்களோடு வென்று, 6½ – 5½ என்னும் கணக்கிற் பட்டத்தைக் காத்தார். தன்னை வீழ்த்திய தொடக்கத்தை அவர் வெறுத்தொதுக்கவில்லை. பிழை எங்கே என்று கண்டபின் மீண்டும் அதனையே கைக்கொண்டார்.

மூன்று அறிவு

திருக்குறளின் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. போருக்குக் கூறப்பட்ட இம்மூன்றும் இத்தற்காப்புக்கும் பொருந்தும். இடனறியாமையால் மகேசசந்திரர் வீழ்ந்தார். எஃப்7 என்னும் ஒரு கட்டம் காவலிழந்ததை அவர் நோக்கவில்லை. வலியறிதலால் பிஷர் வென்றான். அரசியை இழந்த பின்னும் எஞ்சிய காய்களின் வலி பெரிதென எண்ணித் துணிந்தான். காலம் என்பது யாது? அதனை விளக்க அம்மாணவனின் ஆட்டத்துக்கே மீள்வோம்.

போட்டிகளிலே ஒவ்வொரு நகர்வையும் எழுதுதல் விதி. அடுத்த வாரம் அவனை அழைத்து அவன் எழுதிய தாளைக் கொண்டுவரச் செய்தேன். என் முதல் விடை தவறு என்பதையும் அவனிடங் கூறினேன். பலகையில் அதனை மீண்டும் ஆடிப் பார்த்தோம். ஆறாம் நகர்வு வரை யாவும் செம்மையே. வெள்ளைக் காலாட்கள் சி3, டி4, ஈ4 ஆகிய கட்டங்களில் நின்றன. ஆனால் எதிரி, அவன் தொலைபேசியிற் காணாத ஒரு நகர்வை ஆடியதும், அவன் மனம் அஞ்சியது. சி5 என எதிர்க்க வேண்டிய வேளையில் எச்6 என ஓரக் காலாளை நகர்த்தினான், பின்னர் ஏ6, பின்னர் குதிரையை டி7 இற் பதுக்கினான். அதற்குள் ஈ5 எனவும் டி5 எனவும் வெள்ளைக் காலாட்கள் முன்னேறி, ஜி7 அமைச்சரின் பார்வையை அடைத்துவிட்டன. கறுப்புக்கு மூச்சுவிடவும் இடமில்லை.

“தொடக்கம் பிழையன்று, நீ இடத்தைக் கொடுத்ததும் பிழையன்று. கொடுத்தபின் எதிர்க்காமல் ஒளிந்தாய், அதுதான் பிழை,” என்றேன். அவன் நெடுநேரம் பலகையையே நோக்கியிருந்தான். பின்னர் ஏழாம் நகர்வுக்குக் காய்களை மீண்டும் அடுக்கி, சி5 எனக் காலாளை முன்தள்ளி, “இப்போது அவர் என்ன செய்வார், சேர்?” என்று கேட்டான். அன்று மாலை மின்சாரம் தடைப்படும் வரை அவ்வொரு நிலையையே ஆராய்ந்தோம். அவன் கேட்ட வினாக்கள் சிலவற்றுக்கு எனக்கும் விடை தெரியவில்லை.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றால், குரூன்பெல்ட் தற்காப்பு ஒதுங்கியிருக்கும் தற்காப்பன்று என்பதும், அறிந்து இடங்கொடுத்து உரிய காலத்தில் எதிர்க்கும் தற்காப்பு என்பதும் பெறப்படும். அதனை ஆட விரும்பும் இளைஞர் மூன்றனைக் கைக்கொள்வாராக. நகர்வுகளை மனனஞ் செய்யுமுன் ஒவ்வொன்றன் காரணத்தையும் அறிக. எதிரியின் நடுவைத் தாக்கும்போதெல்லாம் தம் எஃப்7 ஐ ஒருமுறை நோக்குக. தோற்ற ஆட்டத்தின் தாளைக் கிழித்தெறியாது காத்து, மறுநாள் மீண்டும் ஆடிப் பார்க்க. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பலகையும், ஒரு பென்சிலும், எதிரே அமரத் தோழன் ஒருவனும் போதும்.

2018 இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பட்டத்தை வென்ற சென்னைச் சிறுவன் குகேஷ், 2024 டிசம்பரில் தன் பதினெட்டாம் வயதிலே உலக வீரனாயினான். அத்தகைய உயர்வு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் வங்காளத்துச் சிற்றூரிலே பிறந்த ஒரு கருத்து நூற்றோராண்டு கழித்து நியூ யோர்க்கிலே பூத்ததென்றால், தோட்டத்து லயத்திலே விளக்கொளியில் ஆராயப்படும் ஒரு நகர்வும் சிறிதென்று ஒதுக்கற்பாலதன்று. அம்மாணவன் மறு ஆண்டுப் போட்டியிலும் அதே தற்காப்பையே ஆடினான். ஓர் ஆட்டத்தில் வென்றான். ஓர் ஆட்டத்திற் தோற்றான். இரண்டிலும் உரிய காலத்தில் சி5 ஆடியிருந்தான். இரு தாள்களையும் அவன் காத்து வைத்துள்ளான்.